சிறுநீர் ரிப்போர்ட்டை நீங்களே படிக்க, கிருமியின் மேற்பரப்பிலிருந்து தொடங்குவோம்

பினாங்கில் நீர்க்கடுப்பு என்று கிளினிக்குக்குப் போனால் முதலில் கையில் ஒரு சின்னப் போத்தலைக் கொடுப்பார்கள். அப்புறம் "லியூகோசைட் 2+, நைட்ரைட் பாசிட்டிவ்" என்று சீட்டு வரும். முதல் வரி நம் உடம்பைப் பற்றியது, இரண்டாவது கிருமியைப் பற்றியது. இது புரிய ஒரு தாளும் பென்சிலும் போதும்.

படி 1: ஒரு நீள்வட்டம் வரையுங்கள். இதுதான் ஈ.கோலை என்ற கிருமி. குடலில் வாழ்வது, சிறுநீர்த் தொற்றுகளில் பெரும்பாலானவை இதனால்தான். அதைச் சுற்றி மெல்லிய இழைகளைப் போடுங்கள், பெயர் ஃபிம்பிரியா. ஒவ்வொரு நுனியிலும் ஒரு புள்ளி: அது ஃபிம்-ஹெச் என்ற புரதம்.

படி 2: கீழே சிறுநீர்ப்பையின் உட்சுவர். அதன் செல்களின் மேல் மேனோஸ் என்ற சர்க்கரை இருக்கிறது. ஃபிம்-ஹெச் பிடிப்பது அதைத்தான். இங்கே கொஞ்சம் நில்லுங்கள். சிறுநீர் வேகமாக ஓடினால் கிருமி அடித்துக்கொண்டு போகவேண்டும் அல்லவா? ஆனால் இழுப்பு கூடும்போது ஃபிம்-ஹெச்சின் வடிவம் மாறி, பிடி இன்னும் இறுகுகிறது! இந்த விஷயத்திலேயே எனக்குப் பெரிய வியப்பு இதுதான். சிறுநீரகமும் சும்மா இருப்பதில்லை. யூரோமாடுலின் என்ற புரதத்தைச் சிறுநீரில் விடுகிறது. அதிலும் மேனோஸ் உண்டு. சுவரை விட்டு அதைப் பிடித்த கிருமிகள் சிறுநீரோடு வெளியேறிவிடும்.

படி 3: நீள்வட்டத்துக்கு வெளியே இன்னொரு கோடு போடுங்கள். இது கிருமியின் வெளிச்சவ்வு. கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த எல்.பி.எஸ் இதில் நிறைய இருக்கிறது. நம் செல்களில் உள்ள டி.எல்.ஆர்-4 என்ற ஏற்பி, அதாவது உணரும் புரதம், அதைக் கண்டுகொள்ளும். (இந்த ஏற்பியின் வேலையைக் கண்டறிந்த புரூஸ் பாய்ட்லர் 2011 நோபல் பரிசில் பங்கு பெற்றார்.) உடனே செல் ஐ.எல்-6, ஐ.எல்-8 என்ற செய்திப் புரதங்களை வெளியிடும். ஐ.எல்-8 அழைக்க, நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் ரத்தத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குள் இறங்கும். அந்த எரிச்சலுக்கும் அடிக்கடி முட்டுவதற்கும் பெரிய காரணம் இந்த அழற்சிதான்.

படி 4: இப்போது சீட்டை எடுங்கள். லியூகோசைட் என்றால் வெள்ளணு. சோதனை காட்டுவது அந்த வெள்ளணுக்களின் நொதியை. நைட்ரைட், சிறுநீரில் உள்ள நைட்ரேட்டை ஈ.கோலை மாற்றியது. அதற்குச் சிறுநீர், சிறுநீர்ப்பையில் சுமார் 4 மணி நேரம் தங்கவேண்டும். நிமிடத்துக்கு ஒருமுறை ஓடுகிறவருக்குத் தொற்று இருந்தும் நெகட்டிவ் வரலாம். அதனால் தூங்கி எழுந்ததும் வரும் முதல் சிறுநீர் நல்லது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவருக்கு அது மாலையாகவும் இருக்கலாம்.

சில ஈ.கோலைகளுக்கு பி-ஃபிம்பிரியா என்ற வேறு இழையும் உண்டு. அது சிறுநீரகச் செல்களைப் பிடிக்கும். காய்ச்சல், நடுக்கம், விலாப்பக்க முதுகுவலி என்றால் சீட்டைப் படித்துக்கொண்டு இருக்காதீர்கள், அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். கர்ப்பிணிகள் எரிச்சலே இல்லாமல் கிருமி தெரிந்தாலும் போகவேண்டும்.