சணல்–எபாக்சி ஷீட் தண்ணில ஊறாம இருக்கணுமா? நாரைக் காய வைக்கிறதுலதான் விஷயமே

சணல் துணியும் எபாக்சியும் (ஹார்டனர் கலந்தா கெட்டியாகுற ரெசின், அதாவது பிசின்) வச்சு ஒரு ட்ரே பண்ணேன், தண்ணி பட்டு ரெண்டே நாள்ல ஓரமெல்லாம் உப்பி லேயர் லேயரா பிரிஞ்சுடுச்சு. மேல கோட்டிங் பத்தலன்னு நினைச்சு இன்னும் ரெண்டு கோட் அடிச்சேன், ஒண்ணும் மாறல. நாருல இருக்குற செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ் ரெண்டும் தண்ணிய இழுக்கும், ரெசின் இழுக்காது, அதனால ரெண்டும் சரியா ஒட்டாம நடுவுல விழுற இடுக்குல தண்ணி பூந்துக்குது.

ரெண்டும் நல்லா ஒட்டணும்னா, முதல்ல சணல் துணிக்கு காஸ்டிக் சோடா குளியல். 5% போதும், அதாவது 50 கிராம் சோடாவுக்கு தண்ணி சேர்த்து மொத்தம் 1 லிட்டர். சோடாவதான் தண்ணில கொஞ்சம் கொஞ்சமா போடணும், சோடா மேல தண்ணி ஊத்தவே கூடாது. கிளவுஸ், கண்ணுக்கு பாதுகாப்பு கண்ணாடி கட்டாயம், பிளாஸ்டிக் பக்கெட்தான், அலுமினிய பாத்திரத்த அரிச்சிடும். ரெண்டு மணி நேரம் ஊறட்டும், ரொம்ப நேரம் விட்டா நார் பலம் போயிடும். அப்புறம் பிஎச் பேப்பர் 7 காட்டுற வரைக்கும் அலசுங்க.

இப்ப காய வைக்கிறது. நான் கோட்டை விட்டது இங்கதான். தொட்டுப் பாத்தா நல்லா காஞ்ச மாதிரிதான் இருக்கும், ஆனா சாதாரண காத்து ஈரத்துலயே சணல் எடைல பத்து சதவீதத்துக்கு மேல தண்ணி வச்சிருக்கும். அந்த ஈரம் ரெசின ஒட்ட விடாது, ரெசின் க்யூர் ஆகும்போது, அதாவது கெட்டியாகும்போது, குமிழியும் வரும். சமையலுக்கு எடுக்காத ஓவன்ல 80 டிகிரி வச்சு, மணிக்கொரு தடவ எடை போடுங்க, அடுத்தடுத்து ரெண்டு தடவ ஒரே எடை வந்தாதான் காஞ்சதா அர்த்தம். எடுத்த உடனே லேயப் பண்ணிடுங்க (துணிய அடுக்கி ரெசின் பூசுறது), முடியலன்னா சூட்டோட சிலிகா ஜெல் போட்டு ஜிப் கவர்ல மூடிடுங்க, வெளிய வச்சா மறுபடி ஈரத்த இழுத்துக்கும். செலவு பண்றதா இருந்தா பிரஷ், ரோலர விட 0.01 கிராம் காட்டுற தராசு வாங்குங்க.

சைலேன் (நாரையும் ரெசினையும் இணைக்குற கெமிக்கல்) போடணுமான்னா, முதல் தடவைக்கு வேணாம்னுதான் சொல்வேன். பின்னாடி போட்டா எபாக்சிக்கு அமினோ சைலேன் எடுங்க.

ஷீட்ட வெட்டுன ஓரத்துல நார் முனை திறந்தே கிடக்கும், திரி எண்ணெய உறிஞ்சுற மாதிரி அது தண்ணிய உள்ள இழுக்கும். அங்க ரெண்டு கோட் எபாக்சி பூசுங்க. அப்புறம் ஒரு சின்ன துண்ட எடை போட்டு 24 மணி நேரம் தண்ணில போட்டு, துடைச்சு மறுபடி எடை பாருங்க, ட்ரீட் பண்ணாத துண்டையும் கூடவே போட்டாதான் வித்தியாசம் தெரியும்.

அப்டேட்: எல்லாம் பண்ணியும் ஸ்க்ரூ போட்ட இடம் உப்புதுன்னு கேட்டிருந்தீங்க. ட்ரில் பண்ண ஓட்டையும் வெட்டுன ஓரம்தான், நான் இத எழுத விட்டுட்டேன். ஓட்டைய கொஞ்சம் பெருசா போட்டு, முழுக்க எபாக்சி ஊத்தி, கெட்டியானதும் நடுவுல மறுபடி ட்ரில் பண்ணுங்க, ஸ்க்ரூ நாரைத் தொடவே கூடாது.