பழைய டேப்லெட்டில் உலாவி: ஆண்ட்ராய்டு எண்ணைப் பார்க்காமல் இறக்காதீர்கள்

கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய டேப்லெட்டுகள், சேலத்து வீடுகள் பலவற்றில் இப்போது தாத்தா பாட்டியின் கைக்கு வந்துவிட்டன. செய்தி படிக்க, ராசிபலன் பார்க்க, பட்டா விவரம் தேட அதுதான். பக்கம் மெதுவாகத் திறக்கிறது, திறந்ததும் விளம்பரம் திரையை மூடுகிறது என்றவுடன், 'வேகமான உலாவி' என்று தேடி நாலைந்து செயலிகளை இறக்கிவிடுகிறார்கள். ஏற்கெனவே மூச்சு வாங்கும் கருவிக்கு மேலும் சுமை.

எந்த உலாவி என்பதைப் பாதி முடிவு செய்வது ஆண்ட்ராய்டு பதிப்புதான். அமைப்புகளில் 'டேப்லெட் அறிமுகம்' போன்ற பகுதியில் அந்த எண் இருக்கும். 2025 ஆகஸ்டில் வந்த குரோம் 139, ஆண்ட்ராய்டு 10க்குக் கீழ் ஓடாது. பிரேவ், எட்ஜ், ஓப்பரா ஆகிய உலாவிகளும் குரோமின் அடித்தளமான குரோமியம் என்ற நிரலின் மீது கட்டியவை. அவற்றுக்குத் தாவுவதால் பெரிய விடுதலை இல்லை. ஃபயர்ஃபாக்ஸ் 2025 அக்டோபரில் ஆண்ட்ராய்டு 5, 6, 7 ஆகியவற்றைக் கைவிட்டாலும் 8, 9 பதிப்புகளை விட்டுவைத்தது.

என் ஓட்டு ஃபயர்ஃபாக்ஸுக்கே. ஆண்ட்ராய்டு குரோமில் நீட்சிகளை, அதாவது உலாவிக்குள் பொருத்தும் துணை நிரல்களை (எக்ஸ்டென்ஷன்), சேர்க்க முடியாது. ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு நீட்சியைச் சேர்க்கலாம், காசும் கேட்காது. 'ஆரிஜின்' இல்லாமல் வெறும் யூபிளாக் என்று இருப்பது வேறு சரக்கு. சேர்த்த பிறகு, எதைத் தடுக்க வேண்டும் என்று சொல்லும் வடிகட்டிப் பட்டியல்கள் எல்லாவற்றையும் டிக் செய்வது அடுத்த தவறு. ஒன்றிரண்டு ஜிபி ரேமுக்கு, தானாக வரும் பட்டியல்களே தாராளம். இன்னொரு தடுப்பானையும் கூடவே வைப்பது வீண். அதற்குப் பதில், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட படங்களையும் வீடியோக்களையும் நிறுத்தும் வசதியை அதே நீட்சியில் இயக்குங்கள். 50 கிலோபைட் என்பது அதில் முன்பே குறித்திருக்கும் வரம்பு. ஏற்காட்டில் எஸ்டேட் பக்கம் சிக்னல் ஒரு கோடாகச் சுருங்கும் இடங்களில் இது செய்யும் உபகாரம் கொஞ்சமல்ல. தேவையான படத்தைத் தொட்டால் அது மட்டும் வரும்.

விபிஎன் இணைப்பு வழியாக விளம்பரம் தடுப்பதாகச் சொல்லும், முன்பின் தெரியாத இலவசச் செயலிகள் வேண்டவே வேண்டாம். கருவியின் இணையப் போக்குவரத்து முழுவதையும் அந்தச் செயலிகள் வழியாகத் திருப்பிவிடுகிறோம். ஆண்ட்ராய்டு 9 முதல் தனிப்பட்ட டிஎன்எஸ் (தளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) அமைப்பு உள்ளேயே இருக்கிறது. விளம்பரத் தடுப்பு நிறுவனமான ஆட்கார்டு போன்றோரின் டிஎன்எஸ் முகவரியை அதில் இட்டால் பல செயலிகளின் விளம்பரங்களும் குறையும். யூடியூப் விளம்பரம் மட்டும் இதற்கு அசையாது.

ஆண்ட்ராய்டு 7.1.1க்கு முந்தைய கருவிகளில் பல தளங்கள் 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்று மிரட்டும். தேதி சரியாக இருந்தும் எச்சரிக்கை வந்தால், காரணம் பெரும்பாலும், எந்தத் தளத்தை நம்பலாம் என்று சோதிக்கக் கருவி வைத்திருக்கும் பழைய சான்றிதழ் பட்டியல். ஃபயர்ஃபாக்ஸ் தன் சான்றிதழ்களைத் தானே சுமந்து வருவதால், முன்பே நிறுவிய பழைய ஃபயர்ஃபாக்ஸ் இருந்தால் செய்தி படிக்கலாம். வங்கிக் கணக்கை மட்டும் அங்கே திறக்காதீர்கள்.

பழைய ஐபேடில் உலாவியை மாற்றியும் பயனில்லை. எல்லாமே ஆப்பிளின் சஃபாரி உலாவியை இயக்கும் வெப்கிட் எஞ்சினில்தான் ஓடுகின்றன. சஃபாரிக்கான விளம்பரத் தடுப்பு 2015இல் ஐஓஎஸ் 9உடன் வந்தது. 64 பிட் கருவிகளுக்கு மட்டும். முதல் ஐபேட் ஏர், ஐபேட் மினி 2 ஆகியவற்றில் வேலை செய்யும். 32 பிட் கருவியான நான்காம் தலைமுறை ஐபேடுக்காகத் தடுப்பானைக் காசு கொடுத்து வாங்கிவிடாதீர்கள்.