ஸ்டீராய்டு மாத்திரையும் இரத்த அழுத்தமும்: மலையில் வாழ்வோர் வீட்டிலேயே கண்காணிக்கும் முறை

முடக்குவாதம், லூப்பஸ், பெருங்குடல் அழற்சி போன்ற நோய்களுக்கு ப்ரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கப்பட்டால், வீக்கமும் வலியும் பலருக்குச் சில நாட்களிலேயே தணிந்துவிடுகின்றன. ஆனால் அதே மாத்திரை இரத்த அழுத்தத்தை ஏற்றவும் கூடும். நீண்ட நாள் எடுத்தபின் திடீரென்று நிறுத்தினால் ஆபத்தான அளவுக்கு இறக்கவும் கூடும். நீலகிரியில் வாழ்வோர் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும், ஏனெனில் இங்குள்ள குளிரும் மேட்டுப் பாதையும் கம்பளி உடையும் கருவி காட்டும் எண்ணையே மாற்றிவிடுகின்றன. கோத்தகிரியில் என் தாயாரின் முடக்குவாதத்துக்கு இந்த மாத்திரை தொடங்கியதிலிருந்து வீட்டில் அழுத்தம் பார்த்து எழுதி வருபவன் என்ற முறையில், புதிதாகத் தொடங்குவோருக்காக இதை எழுதுகிறேன். மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவரின் வேலை. அவர் நம்பி முடிவெடுக்கக்கூடிய எண்களைக் கொண்டுபோய்க் கொடுப்பது நம் வேலை.

அழுத்தம் ஏன் மாறுகிறது?

சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிகள் கார்டிசால் என்னும் ஹார்மோனை நாள்தோறும் சுரக்கின்றன. 1948-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஃபிலிப் ஹென்ச் முடக்குவாத நோயாளி ஒருவருக்கு முதன்முதலாகக் கொடுத்த கார்டிசோனும், இன்று நாம் விழுங்கும் ப்ரெட்னிசோலோனும் அந்த ஹார்மோனின் உறவுப் பொருள்களே. இவை அழற்சியை அடக்குவதோடு, உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றி, இரத்தக் குழாய்கள் எளிதில் சுருங்கும்படியும் செய்வதால் அழுத்தம் உயர்கிறது. அளவு கூடக்கூட, நாள் நீள நீள, இதற்கான வாய்ப்பும் கூடுகிறது. முதியோரும், ஏற்கெனவே இரத்தக் கொதிப்போ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்களும் மேலும் கவனமாக இருக்க வேண்டும்.

படி 1: மாத்திரை தொடங்கும் முன்பே அளவு எடுங்கள்

ஒப்பிடுவதற்கு ஒரு பழைய எண் இல்லாவிட்டால் பிறகு வரும் எண்களுக்குப் பொருள் கிடையாது. ஆகவே முடிந்தால் தொடங்கும் முன் சில நாட்கள் காலையும் மாலையும் அளந்து வையுங்கள். முதல் முறை இரண்டு கைகளிலும் அளந்து, எந்தக் கையில் அளவு கூடுதலாக வருகிறதோ அந்தக் கையிலேயே எப்போதும் தொடருங்கள்.

படி 2: கருவியும் பட்டையும்

மேற்கையில் கட்டும் தானியங்கிக் கருவியே நல்லது; மணிக்கட்டுக் கருவியில் கையின் நிலை சற்று மாறினாலும் அளவு மாறும். மேற்கையின் சுற்றளவை அளவு நாடாவால் அளந்து, அது பட்டையின் மேல் அச்சிட்டுள்ள அளவுக்குள் வருகிறதா என்று பாருங்கள். பருத்த கைக்குச் சிறிய பட்டை கட்டினால் இல்லாத கொதிப்பு இருப்பதுபோல் காட்டும்.

படி 3: அளவு எடுக்கும் முறை

பெரும்பாலான பிழைகள் இங்கேதான் நேர்கின்றன என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். காலையில் எழுந்து சிறுநீர் கழித்தபின், தேநீருக்கும் மாத்திரைக்கும் முன்பாக அளக்க வேண்டும். மாலையில் இரவு உணவுக்கு முன்பாக. தேநீர், காபி, புகை, உடலுழைப்பு இவற்றுக்குப் பின் குறைந்தது அரை மணி நேரம் போகட்டும். எஸ்டேட்டில் கொழுந்து பறித்துவிட்டு மேடேறி வீடு திரும்பியவர் உடனே பட்டையைக் கட்டினால், வருவது மேடேறிய அளவே தவிர மாத்திரையின் அளவு அல்ல. அறை கதகதப்பாக இருக்கட்டும், ஏனெனில் குளிர் இரத்தக் குழாய்களைச் சுருக்கித் தானாகவே அழுத்தத்தை ஏற்றும். உறைபனி விழும் மார்கழிக் காலையில் வாசல் திண்ணையில் உட்கார்ந்து அளப்பது வீண் வேலை.

அடுத்தது ஸ்வெட்டர். மலையில் எல்லோரும் செய்வது, கையை மேலே சுருட்டிவிட்டு அதன் கீழே பட்டையைக் கட்டுவது. சுருட்டிய கம்பளி கையை இறுக்கிப் பிடிப்பதால் அளவு தவறாகும். ஸ்வெட்டரின் மேலேயே கட்டுவதும் அப்படித்தான். அந்த ஒரு கையை மட்டும் ஸ்வெட்டரிலிருந்து முழுவதும் வெளியே எடுத்து, தோளையும் மார்பையும் சால்வையால் போர்த்திக்கொண்டு, வெறும் தோலின் மேல் பட்டையைக் கட்ட வேண்டும். பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு விரற்கடை மேலே இருக்க வேண்டும்.

முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்க, பாதங்கள் தரையில் பதிந்திருக்க, கால்மேல் கால் போடாமல் 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். பட்டை இதயத்தின் உயரத்தில் இருக்க வேண்டும். என் தாயாருக்கு எங்கள் மேசை தாழ்வாக இருப்பதால், மடித்த கம்பளியை முழங்கைக்கு அடியில் வைக்கிறோம். ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து, இரண்டையும் எழுதுங்கள்.

படி 4: குறிப்பேட்டில் மில்லிகிராமையும் எழுதுங்கள்

வெறும் அழுத்த அளவை மட்டும் எழுதினால் பாதிப் பயனே கிடைக்கும். “காலை 6.40, 142/86, 139/85, நாடி 78, ப்ரெட்னிசோலோன் 15 மி.கி., இரவு தூக்கம் குறைவு” என்பதுபோல் அன்றைய மாத்திரை அளவையும் உடல்நிலையையும் ஒரே வரியில் எழுதுங்கள். வாரம் ஒருமுறை காலையில் எடை பாருங்கள். முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்க எலும்பின் மேல் கட்டைவிரலால் சில நொடி அழுத்தி, குழி விழுகிறதா என்றும் கவனியுங்கள். எடை விரைந்து ஏறுவதும் குழி விழுவதும் நீர் தேங்குவதைக் காட்டலாம். (கொதிப்புக்குத் தரப்படும் அம்லோடிபைன் மாத்திரையாலும் கால் வீங்கும், ஆகையால் காரணத்தை நீங்களே முடிவு செய்ய வேண்டாம்.) மலை இறங்கிக் கோவைக்குச் சென்று, பயணக் களைப்போடு மருத்துவமனையில் எடுக்கும் ஓர் அளவைவிட இந்தக் குறிப்பேடு மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.

வீட்டில் எடுத்த அளவுகளின் சராசரி 135/85-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ, மருத்துவரிடம் தெரிவியுங்கள். ஒரே ஒரு நாள் ஏறியதற்காகப் பதற வேண்டியதில்லை; ஏறியதைக் கண்டு ஸ்டீராய்டை நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது.

படி 5: சமையலறையும் மருந்துக்கடையும்

உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் அடங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர், குளிருக்கு இதமாக நாம் குடிக்கும் பாக்கெட் சூப் ஆகியவற்றிலேயே அதில் பெரும்பகுதி போய்விடும். கீரையும் வாழைப்பழமும் பொட்டாசியம் தருபவை. ஆனால் சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே சாப்பிட வேண்டும், பொட்டாசியம் கலந்த மாற்று உப்புக்கும் இது பொருந்தும்.

இருமலுக்கு அதிமதுரம் சுவைப்பது மலை வீடுகளில் சாதாரணம். கார்டிசாலைச் சிறுநீரகத்தில் செயலிழக்கச் செய்யும் நொதியை அதிமதுரம் தடுப்பதால், தொடர்ந்து எடுத்தால் அதுவும் அழுத்தத்தை ஏற்றிப் பொட்டாசியத்தைக் குறைக்கும். ஸ்டீராய்டோடு சேர்ந்தால் இரட்டைச் சுமை. மூக்கடைப்புக்கான சில சளி மாத்திரைகளும், டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளும் அழுத்தத்தை ஏற்றும். வலி மாத்திரையோ ஸ்டீராய்டோடு சேரும்போது வயிற்றுப் புண்ணுக்கும் வழிவகுக்கும். உட்பொருள் அச்சிடாத மூட்டுவலிப் பொடிகளைத் தொடவே வேண்டாம், ஏனெனில் அத்தகைய சிலவற்றில் ஸ்டீராய்டே கலந்திருந்தது பரிசோதனைகளில் தெரியவந்திருக்கிறது.

படி 6: மாத்திரையைக் குறைக்கும் காலம்

சில வாரங்களுக்கு மேல் ஸ்டீராய்டு எடுத்தவரின் அட்ரினல் சுரப்பி ஓய்ந்து கிடக்கும். அது மீண்டும் விழித்தெழ நாளாகும் என்பதால்தான் மருத்துவர் படிப்படியாகக் குறைக்கிறார். இக்காலத்தில் உட்கார்ந்த அளவோடு, எழுந்து நின்ற 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் அளந்து பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினாலோ, தலைச்சுற்றல், கடும் அசதி, குமட்டல் இருந்தாலோ உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். அழுத்தம் குறைந்தால் கொதிப்பு மாத்திரையின் தேவையும் மாறும் என்பதால், அதையும் அவரிடமே கேளுங்கள். காய்ச்சலோ காயமோ வந்தால் ஸ்டீராய்டின் அளவைக் கூட்ட வேண்டிவரலாம். வாந்தியால் மாத்திரை வயிற்றில் தங்காவிட்டால் ஊசி தேவைப்படும், காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மழைக்காலத்தில் மண்சரிவால் மலைப்பாதை அடைபடுவது நமக்குப் புதிதல்ல. மாத்திரை தீரும் நாளில் கடை தேடாமல், இரண்டு வாரத்துக்காவது கூடுதலாகக் கையிருப்பு வைத்திருங்கள்.

படி 7: தாமதிக்கக் கூடாத நேரம்

அளவு 180/120-ஐத் தாண்டினால், சில நிமிடம் அமைதியாக இருந்து மறுபடி அளங்கள். மீண்டும் அதே நிலை என்றால், வேறு தொந்தரவு இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவரைத் தொடர்புகொள்ளுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல், பேச்சுக் குழறல், ஒருபக்கக் கைகால் தளர்ச்சி, கடும் தலைவலியோடு குழப்பம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், எண் எதுவாயினும் 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் ஊழியரிடம் முதலில் சொல்ல வேண்டியது, நோயாளி ஸ்டீராய்டு எடுப்பவர் என்பதையும், மருந்தின் பெயர், மில்லிகிராம், கடைசியாக விழுங்கிய நேரம் ஆகியவற்றையும்தான். இவற்றை ஓர் அட்டையில் எழுதிச் சட்டைப்பையிலோ பர்ஸிலோ எப்போதும் வைத்திருக்கச் செய்யுங்கள்.