டெவ் சர்வரை ஓட்டினால் டிஸ்ட் ஃபோல்டர் காலியாகிறதா?

புதுச்சேரியில் ஒரு கெஸ்ட் ஹவுஸுக்கு வெப்சைட் செய்கிறீர்கள் என்று வையுங்கள். எழுதிய கோடை வெளியிடத் தயாரான ஃபைல்களாக மாற்றும் பில்ட் முடிந்ததும், அறை வாடகைப் பட்டியல் பிடிஎஃப்பை நேராக அந்த ஃபைல்கள் சேரும் டிஸ்ட் ஃபோல்டருக்குள் போட்டாயிற்று. மறுபடி பில்ட் கொடுத்ததும் அதைக் காணோம். டூல் கெட்டுப்போகவில்லை. உள்ளடக்கம் மாறும்போதெல்லாம் ஃபைல் பெயரில் ஒட்டியிருக்கும் ஹாஷ் என்ற குறியீடும் மாறுவதால் பழையவை குவியும். அதைத் தவிர்க்கத்தான் பில்ட் டூல் டிஸ்டைத் துடைத்துவிட்டு எழுதுகிறது. கையால் வைக்கும் எதையும் பப்ளிக் ஃபோல்டரில் வையுங்கள். வீட் என்ற பில்ட் டூல் அதை ஒவ்வொரு பில்டிலும் அப்படியே டிஸ்டுக்குள் நகலெடுத்துவிடும்.

ஆனால் பில்ட் கொடுக்காமல், வேலை செய்யும்போதே சைட்டைக் காட்டும் டெவ் சர்வரைத் தொடங்கியதுமே டிஸ்ட் போகிறது என்றால் சந்தேகம் வேறு இடத்துக்குப் போக வேண்டும். வீட் டெவ் சர்வர் டிஸ்டைத் தொடுவதே இல்லை. வெப்பேக் என்ற இன்னொரு பில்ட் டூலின் டெவ் சர்வரும் வழக்கமாக மெமரியிலிருந்துதான் கொடுக்கும். பேக்கேஜ் டாட் ஜேசானில் ஸ்கிரிப்ட்ஸ் பகுதியைத் திறந்து ப்ரீடெவ், ப்ரீஸ்டார்ட் என்ற பெயர்களைத் தேடுங்கள். ‘ப்ரீ’ ஒட்டிய ஸ்கிரிப்டை என்பிஎம் யாரும் கேட்காமலே முதலில் ஓட்டும். அதற்குள் டிஸ்டை அழிக்கும் ரிம்ராஃப் டிஸ்ட் என்ற கட்டளை இருக்கலாம். அந்தக் கட்டளையை ப்ரீபில்டுக்கு மாற்றினால் போதும்.

அங்கேயும் இல்லையென்றால் லினக்ஸில் ஆடிட்சிடிஎல் மூலம் அந்த ஃபோல்டருக்குக் காவல் போட்டு, ஏயூசர்ச்சில் பாருங்கள். அழித்த புரோகிராமின் பெயரே வரும். ஃபோல்டர் மாற்றங்களைக் கவனிக்கும் ஐநோட்டிஃபைவெயிட் எந்த ஃபைல் போனது என்று மட்டும் சொல்லும், யார் அழித்தது என்று சொல்லாது.

பில்டின்போது துடைப்பதைத் தீர்மானிக்கும் செட்டிங் வெப்பேக் 5இல் அவுட்புட் டாட் கிளீன்; அதற்குள் கீப் என்று கொடுத்து சிலவற்றைக் காப்பாற்றலாம். வீட் டூலில் அது எம்ப்டிஅவுட்டிர். இதில்தான் பெரிய ஆபத்து. அவுட்புட் ஃபோல்டர் புராஜெக்ட்டுக்கு வெளியே இருந்தால் வீட் தானாகத் துடைக்காது, எச்சரிக்கை மட்டும் காட்டும். அந்த எச்சரிக்கை தொல்லையாக இருக்கிறதே என்று எம்ப்டிஅவுட்டிருக்கு ட்ரூ போட்டுவிடுவார்கள். அவுட்புட், பிஎச்பி ஃப்ரேம்வொர்க்கான லாராவெலின் பப்ளிக் ஃபோல்டராக இருந்தால் இண்டெக்ஸ் டாட் பிஎச்பியும் சேர்ந்தே போய்விடும். வெளியே எழுதுவதானால் பப்ளிக்குக்குள் தனியாக ஒரு பில்ட் ஃபோல்டர் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு ட்ரூ போடுங்கள்.

சர்வர் பக்கக் கோடு எழுதும் ஃப்ரேம்வொர்க்கான நெஸ்ட்டில் வருவது வேறு விதம்: டிஸ்ட் அழிகிறது, திரும்ப உருவாவதில்லை, ‘டிஸ்ட் மெயின் மாட்யூல் இல்லை’ என்று எரர் வருகிறது. டெலீட்அவுட்டிர் ட்ரூவாக இருப்பதால் ஃபோல்டர் துடைக்கப்படுகிறது. மாறியதை மட்டும் கம்பைல் செய்யும் டைப்ஸ்கிரிப்ட்டின் இன்கிரிமென்டலும் ஓடுகிறது. அதன் கணக்கு டிஎஸ்பில்ட்இன்ஃபோ ஃபைலில் இருக்கிறது. சோர்ஸ் ஃபோல்டரைக் குறிக்கும் ரூட்டிர் என்பதை எஸ்ஆர்சி என்று வைத்தால் அந்த ஃபைல் டிஸ்டுக்கு வெளியே போய் உட்கார்ந்துவிடும். துடைத்தாலும் அது தப்பிவிடுவதால், கம்பைலர் ‘எதுவும் மாறவில்லை’ என்று நம்பி ஒன்றுமே எழுதாது. டிஎஸ்பில்ட்இன்ஃபோஃபைல் என்ற செட்டிங்கில் டிஸ்டுக்குள் ஒரு பாதையைக் கொடுங்கள். வெளியே கிடக்கும் பழையதை ஒருமுறை கையால் அழித்துவிடுங்கள்.

ரியாக்ட் ஃப்ரேம்வொர்க்கான நெக்ஸ்ட்டில் 15ஆம் பதிப்பு வரை டெவ்வும் பில்டும் ஒரே டாட் நெக்ஸ்ட் ஃபோல்டரில் எழுதின. அந்தப் பதிப்புகளில் பில்ட் செய்துவிட்டு டெவ் ஓட்டினால், பிறகு ஸ்டார்ட் தகராறு செய்யும். டிஸ்ட்டிர் செட்டிங்கில் இரண்டுக்கும் வேறு பெயர் கொடுப்பதே வழி.

கடைசியாக, நேரடி சைட்டை டிஸ்டிலிருந்தே காட்டாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கடலூர்ப் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஆபீஸ் மெஷினில் ரிம்ராஃப் ஓடி முடிந்து, பில்ட் எழுதும் முன் கரண்ட் போனால், மெஷின் திரும்ப எழும்போது சைட் வெற்றாக நிற்கும். பில்ட் முழுதாக முடிந்த பிறகு அதைத் தேதியிட்ட புது ஃபோல்டருக்கு நகலெடுங்கள். அதைச் சுட்டும் குறுக்குவழியாக ஒரு தற்காலிக சிம்லிங்க் போட்டு, எம்வி கட்டளையால் அதை பழைய சிம்லிங்கின் பெயருக்கு மாற்றுங்கள். வெப் சர்வரான எஞ்சின்எக்ஸ் அந்தப் பெயரைப் பார்த்தபடி இருக்கட்டும். எம்வியில் பெரிய எழுத்து டி ஆப்ஷனை மறந்தால் புது லிங்க் பழைய ஃபோல்டருக்குள் நுழைந்துவிடும். முந்தைய இரண்டு ஃபோல்டர்களில் இருக்கும் அசெட் ஃபைல்களையும் புது ஃபோல்டரில் சேர்த்து வையுங்கள். பக்கத்தை ஏற்கெனவே திறந்து வைத்திருப்பவர்களின் பிரவுசர் பழைய ஹாஷ் பெயரைத்தான் கேட்கும்.