அடங்காத ஸ்பீக்கருக்கு ஆம்ப்ளிஃபயர் பொருத்தம் பார்ப்பது எப்படி?

எங்கள் ஊர் மேலூர்ப் பக்கம். முளைப்பாரித் திருவிழாவுக்கு வேப்பமரத்தில் கட்டும் கூம்புக் குழாய் அடுத்த ஊர்வரை கேட்கும். அதற்கு 40 வாட் மைக் செட் போதும். அந்தக் கணக்கில்தான் என் 4 ஓம் ஸ்பீக்கர் ஜோடிக்கும் 40 வாட் ஆம்ப்ளிஃபயர் ஒன்றை மாட்டினேன். தவிலின் தொப்பியில் கழி விழுந்த முதல் அடியிலேயே சிவப்பு விளக்கு எரிந்து, பாட்டு நின்றுவிட்டது. இரண்டிலும் பழுதில்லை. பொருத்தம் பார்க்காமல் சேர்த்ததுதான் தவறு.

படி 1: ஸ்பீக்கரின் முதுகைப் படியுங்கள்

சென்சிட்டிவிட்டி, இம்பீடன்ஸ் என்று இரண்டு எண்கள் இருக்கும். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் ஒலி வரும் என்பது சென்சிட்டிவிட்டி. மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் எதிர்ப்பு இம்பீடன்ஸ், அதன் அளவு ஓம். சென்சிட்டிவிட்டி 90 டெசிபலும் அதற்கு மேலும் என்றால் சுலபம். 86-க்குக் கீழே என்றால் உழைப்பு அதிகம். இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. பலர் 2.83 வோல்ட் கொடுத்து அளக்கிறார்கள். அது 8 ஓமில் 1 வாட், 4 ஓமில் 2 வாட். ஆகவே 4 ஓம் ஸ்பீக்கரில் 87 என்று போட்டிருந்தால், 1 வாட்டுக்கு அது 84-தான்.

இம்பீடன்ஸும் நிலையான எண் அல்ல. சுருதிக்குச் சுருதி ஏறி இறங்கும். 4 ஓம் என்று எழுதியது சில இடங்களில் 3 ஓமுக்கு இறங்கும். அங்கேதான் ஆம்ப்ளிஃபயர் திணறும். பி.பி.சி. வடிவமைத்த எல்எஸ் 3/5ஏ ஸ்பீக்கர் சுமார் 83 டெசிபல்தான் தரும். ஆனால் தொடக்கத்தில் அதன் இம்பீடன்ஸ் 15 ஓம் என்பதால் அது மின்னோட்டத்தை உறிஞ்சுவதில்லை. குறைந்த டெசிபலும் குறைந்த ஓமும் சேர்ந்து வருவதே உண்மையான சோதனை. அடங்காத ஸ்பீக்கர் என்று நான் சொல்வது அதைத்தான்.

படி 2: எத்தனை வாட் வேண்டும்?

தவில் அடியின் உச்சம் உங்கள் காதில் 95 டெசிபல் என்று வையுங்கள். 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், அறையின் எதிரொலியையும் சேர்த்து, சுமார் 6 டெசிபல் குறையும். ஆக 101 வேண்டும். ஸ்பீக்கர் 84 என்றால் பற்றாக்குறை 17. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் வாட் இரட்டிப்பாகும், 10 டெசிபலுக்குப் பத்து மடங்காகும். 17-க்கு 50 வாட். 90 டெசிபல் ஸ்பீக்கராக இருந்தால் 13 வாட்டிலேயே வேலை முடிந்திருக்கும்.

அந்த 50 வாட்டுக்கு 4 ஓமில் 3.5 ஆம்பியர் ஓடும். அதே வோல்ட்டில் 3 ஓமுக்கு இறங்கினால் 4.7 ஆம்பியர். என் ஆம்ப்ளிஃபயர் விழுந்த பள்ளம் இதுதான்.

படி 3: ஆம்ப்ளிஃபயரின் இரண்டு எண்களை ஒப்பிடுங்கள்

8 ஓமில் 60, 4 ஓமில் 110 வாட் என்றிருந்தால் தைரியமாக வாங்கலாம். ஓம் பாதியாகும்போது வாட் ஏறக்குறைய இரட்டிப்பானால், கேட்கும் மின்னோட்டத்தைத் தர அதனால் முடியும் என்று பொருள். 4 ஓமில் 65 மட்டும் என்றாலோ, 4 ஓம் பேச்சே இல்லை என்றாலோ விட்டுவிடுங்கள். ஒலி 10 சதவீதம் சிதையும் நிலையில் அளந்த வாட்டை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை.

படி 4: மாட்டுங்கள்

2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் போதும். சித்திரை வெயிலில் மதுரை 40 டிகிரியைத் தொடும்போது மூடிய அலமாரியில் ஆம்ப்ளிஃபயரை வைக்காதீர்கள். மேலே ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

படி 5: காதால் சோதியுங்கள்

தெரிந்த தவில் பதிவு ஒன்றைப் போட்டு மெல்ல ஏற்றுங்கள். உச்சத்தில் ஒலி கரகரத்தால் உடனே குறைத்துவிடுங்கள். அந்தக் கரகரப்பு, கீச்சொலிகளைத் தரும் சிறு ஸ்பீக்கரான ட்வீட்டரைக் கருக்கிவிடும். அரை மணி கழித்து ஆம்ப்ளிஃபயரின் மேல் கை வையுங்கள். கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் படி 3-க்குத் திரும்புங்கள்.