ப்ளேஆஃப் முதல் மட்ச் தோத்தாச்சு, அடுத்த மட்சுக்குள்ள டிஃபென்ஸை எப்படித் திருத்துறது?

நான் கொழும்பில வெள்ளவத்தைப் பக்கம் ஒரு சின்ன பாஸ்கட்போல் டீமுக்கு கோச்சிங் பாக்கிறன். போன மாசம் ப்ளேஆஃப் முதல் மட்ச்ல 71 பொயின்ட்ஸ் விட்டுத் தோத்துட்டம். மூண்டு மட்ச்ல ரெண்டு வெல்லோணும், அடுத்த மட்சுக்கு எட்டு நாள், அதுக்குள்ள கோர்ட் கிடைச்சது மூண்டே மூண்டு பின்னேரம். ரெண்டாவது மட்ச்ல அதே டீமை 58க்கு நிப்பாட்டி வெண்டம். இடையில என்ன செஞ்சம் எண்டதை புதுசா கோச்சிங் தொடங்கிற ஆக்களுக்காக வரிசையா எழுதுறன். மேன் டு மேன் எண்டா என்ன, ஸ்டான்ஸ் எப்படி நிக்கிறது எல்லாம் உங்களுக்குத் தெரியும் எண்டு எடுத்துக்கொள்றன்.

படி 1: வீடியோவைப் பாத்து எண்ணுங்க

தோத்த அண்டைக்கு ராத்திரி யாரோடயும் டிஃபென்ஸ் பத்திக் கதைக்காதீங்க, எல்லாரும் அழுற மூட்ல இருப்பாங்க, சொல்ற ஒண்டும் உள்ள போகாது. அடுத்த நாள் வீடியோ பாருங்க. ஃபோனை சைட்ல வச்சு எடுக்கிறதை விட கூடைக்குப் பின்பக்கம் உயரமான இடத்தில வச்சு எடுத்தா டிஃபென்ஸுக்கு நல்லம், ஏனெண்டா ரெண்டு கோர்னரும் ஒரே நேரத்தில தெரியும். வீஎல்சி ப்ளேயர்ல ஸ்பீடை பாதியாக்கிப் பாருங்க, அது காணும். காசு குடுத்து வாங்கிற ஆப் ஒண்டும் தேவையில்ல, நான் ஒரு சீஆர் கொப்பியில கோடு போட்டுத்தான் எழுதினன், கையால எழுதும்போதுதான் ஒரே பிழை திரும்பத் திரும்ப வாறது கண்ணில படும்.

எழுத வேண்டியது பொயின்ட் போட்டது யார் எண்டதை இல்ல. அந்தப் பொயின்ட் எங்க இருந்து தொடங்கினது, முதல்ல யார்ட டிஃபென்ஸ் உடைஞ்சது, இந்த ரெண்டும்தான். கடைசியா கூடைக்குக் கீழ நிண்டு கையத் தூக்கிற பொடியனைத்தான் எல்லாரும் பேசுவாங்க, ஆனா அவன் அனேகமா மத்தவன்ட பிழையை மூட ஓடி வந்தவனா இருப்பான். எங்கட கணக்கு இப்பிடி வந்தது: பிக் அண்ட் ரோல்ல (ஒருத்தன் வந்து நிண்டு எங்கட ஆளை மறிக்கிறது, அதுதான் ஸ்க்ரீன், பிறகு அவனே கூடைப் பக்கம் ஓடுறது) 26, ஃபாஸ்ட் ப்ரேக்ல (நாங்க திரும்பி வர முதலே ஓடிப் போடுறது) 16, ரீபவுண்ட் (உள்ள போகாமத் திரும்பி வாற பந்து) விட்டு ரெண்டாவது சான்ஸ்ல 13, மிச்சம் 16 தான் சாதாரணமா வந்தது. நான் அதுவரைக்கும் பொடியன்மார் ஓடாததுதான் பிரச்சின எண்டு நினைச்சிருந்தன், கொப்பியப் பாத்த பிறகுதான் விளங்கினது.

படி 2: ரெண்டு விஷயத்தை மட்டும் மாத்துங்க

மூண்டு ப்ராக்டிஸ்ல அஞ்சு விஷயம் மாத்தினா அஞ்சும் அரைகுறைதான். நாங்க எடுத்தது ஓடித் திரும்புறதும் பிக் அண்ட் ரோலும்தான். பெரிய டீமுகளே ஒண்டைத்தான் மாத்திறாங்க. என்பிஏ எண்ட அமெரிக்க லீக்ல, 2019ல மில்வாக்கியோட முதல் ரெண்டு மட்சும் தோத்த டொரொன்டோ, மூண்டாவது மட்ச்ல மில்வாக்கியின்ட ஸ்டார் யானிஸை மார்க் பண்ற வேலைய கவாய் லெனார்ட்கிட்ட குடுத்தாங்க, பிறகு தொடர்ந்து நாலு மட்ச் வெண்டாங்க. 2015 ஃபைனல்ஸ்ல 2-1 எண்டு பின்னுக்கு நிண்ட கோல்டன் ஸ்டேட், நாலாவது மட்ச்ல சென்டர் போகட்டை வெளியில வச்சுட்டு இகுவோடாலாவை ஸ்டார்ட் பண்ணினாங்க, அந்த மட்ச் 103-82, தொடரையும் வெண்டாங்க, கடைசில ஃபைனல்ஸ் எம்விபியும் (தொடரின்ட சிறந்த ஆட்டக்காரர்) இகுவோடாலாதான்.

ஒரு விஷயம் கவனிங்க, என்பிஏ வீடியோ பாத்து அப்பிடியே கொப்பி அடிக்காதீங்க. அங்க டிஃபென்ஸ் பண்றவன் யாரையும் மார்க் பண்ணாம பெயின்ட்டுக்குள்ள (கூடைக்குக் கீழ கோடு போட்ட கட்டம்) மூண்டு செக்கனுக்கு மேல நிக்க ஏலாது. நாங்க இங்க விளையாடுறது ஃபிபா (சர்வதேச பாஸ்கட்போல் சம்மேளனம்) ரூல்ஸ், அதில அந்தத் தடை இல்ல. உங்கட உயரமான பொடியன் பெயின்ட்டுக்குள்ளயே நிக்கலாம், அதைப் பாவிக்காம விட்டா நட்டம் உங்களுக்குத்தான்.

படி 3: ஓடித் திரும்புறது

இது லேசு. எங்கட ஷொட் கையை விட்டுப் போன உடனே ரெண்டு கார்டும் (பந்தைக் கொண்டு போற பொடியன்மார்) திரும்பி ஓடோணும், மூண்டு பேர்தான் ரீபவுண்டுக்கு. ஓடுற ரெண்டு பேர்ல ஒருத்தன் நேரா பெயின்ட்டுக்கு, மத்தவன் பந்தை நிப்பாட்ட. ஷொட் உள்ள போகுதா எண்டு நிண்டு பாக்கிற பழக்கத்தை விட்டாலே பாதி சரி.

படி 4: பிக் அண்ட் ரோல், நாங்க மாட்டின இடம்

முதல் மட்ச்ல நாங்க ஹெட்ஜ் பண்ணினம், அதாவது ஸ்க்ரீன் போடுறவனை மார்க் பண்ற எங்கட சென்டர் (அந்த உயரமான பொடியன்) வெளியில பாஞ்சு பந்தோட வாறவனை மறிக்கிறது. முதல் பாதி நல்லா இருந்தது, மூண்டாவது குவாட்டர்ல சென்டருக்கு மூச்சு வாங்கத் தொடங்கினது, திரும்பி ஓட அரைச் செக்கன் பிந்தினான், ரோல் பண்றவன் வெறும் கூடையப் பாத்துப் போட்டுக்கொண்டே இருந்தான்.

அதனால ட்ரொப்புக்கு மாறினம். சென்டர் ஸ்க்ரீனுக்கு ரெண்டு மூண்டு அடி கீழயே நிப்பான், பந்தோட வாறவனையும் ரோல் பண்றவனையும் ரெண்டு பேரையும் முன்னால வச்சுக்கொண்டு பின்வாங்குவான். கார்ட் ஸ்க்ரீனுக்கு மேலால போய் பின்னால இருந்து துரத்துவான். அவங்கட கார்டுக்கு பந்தைத் தட்டிக்கொண்டு வந்து மூண்டு பொயின்ட் அடிக்க வராது எண்டு கொப்பி சொன்னதாலதான் இது சரி வந்தது. ரோல் பண்றவனை ஒருக்கா இடிச்சு வேகத்தக் குறைக்க பந்துக்கு எதிர்ப்பக்கக் கோர்னர்ல நிக்கிறவன் உள்ள வரோணும், பந்து இருக்கிற பக்கத்துக் கோர்னர்ல இருந்து வரவே கூடாது. கோர்னர்ல மூண்டு பொயின்ட் லைன் 6.60 மீட்டர்தான், மேல 6.75. பக்கத்துக் கோர்னர் பாஸ் கிட்ட, சுளுவா அடிச்சிருவாங்க. எதிர்க் கோர்னருக்குப் பாஸ் கோர்ட்டின்ட அகலத்தைக் கடந்து வரோணும், பந்து காத்தில இருக்கிற நேரத்துக்குள்ள உங்கட பொடியன் திரும்பிப் போயிரலாம்.

இதெல்லாம் போர்ட்ல வரைஞ்சு காட்டினா எல்லாருக்கும் விளங்கினது. கோர்ட்ல இறங்கினா திரும்பத் திரும்ப கார்ட் ஸ்க்ரீன்ல போய் நெஞ்சோட முட்டிக்கொண்டு நிக்கிறான். முதல் பின்னேரம் முழுக்க எனக்கு ஏனெண்டு பிடிபடேல்ல. ரெண்டாவது நாள் சென்டருக்குப் பக்கத்திலயே போய் நிண்டு காதைக் குடுத்துக் கேட்டன். சென்டர் சிங்களப் பொடியன், ஸ்க்ரீன் இடப்பக்கம் வந்தா "வம! வம!" எண்டு கத்துறான். கார்ட் தமிழ்ப் பொடியன், அந்தச் சத்தத்துக்குள்ள அவன்ட காதில விழுறது "வல". சிங்களத்தில வம எண்டா இடது, எங்கட வலம் எண்டா அதுக்கு நேர் எதிர். சென்டர் சொன்ன சொல்லை நம்பித்தான் கார்ட் ஒவ்வொரு தடவையும் பிழையான பக்கம் திரும்பியிருக்கிறான், நானும் முதல் நாள் அவனைத்தான் பேசினன். அண்டைக்கே எல்லாருக்கும் முன்னால அவன்கிட்ட மன்னிப்புக் கேட்டன்.

லெஃப்ட், ரைட் எண்டு மாத்திப் பாத்தம், அதிலயும் யார்ட லெஃப்ட் எண்டு குழப்பம். பிறகு ஒரு பொடியன் சொன்னான், "சேர், கடல் பக்கம், காலி ரோட் பக்கம் எண்டு சொல்லுவமா?" எங்கட கோர்ட்ல அது அழகா வேல செஞ்சது. ஆனா மட்ச் இன்டோர்ல, கூரைக்குக் கீழ நிண்டா கடல் எந்தப் பக்கம் எண்டு தெரியாது. கடைசில முடிவு செஞ்சது: ஸ்கோர் போடுற மேசை இருக்கிற பக்கம் "டேபிள்", மத்தப் பக்கம் "சுவர்". எந்தக் கோர்ட்லயும் மேசை ஒரு பக்கம்தான் இருக்கும், நீங்க எந்தப் பக்கம் பாத்து நிண்டாலும் அது மாறாது, மூண்டு மொழிக்காரருக்கும் பொது.

எப்ப கத்துறது எண்டதும் முக்கியம். ஸ்க்ரீன் போட வாறவன் முதல் அடி எடுத்து வைக்கும்போதே சென்டர் கத்தோணும், வந்து நிண்ட பிறகு கத்தினா வீண். "டேபிள்" எண்டு கேட்ட உடனே கார்ட் அந்தப் பக்கத்துக் காலை ஸ்க்ரீன் போடுறவன்ட காலுக்கு முன்னால வச்சு, தோளை ஒடுக்கி, பந்துக்கும் ஸ்க்ரீனுக்கும் இடையில நுழையோணும். பழக்கினது இப்பிடி: 2க்கு 2, பிறகு 3க்கு 3, பிறகு 4க்கு 4, நான் நடுக்கோட்டில நிப்பன், எனக்குச் சத்தம் கேக்காட்டி பந்து உள்ள போகாட்டியும் அட்டாக் பண்ற பக்கத்துக்கு ஒரு பொயின்ட். பத்து நிமிசத்தில தொண்டை திறந்துட்டுது.

படி 5: ரீபவுண்ட், ஃபவுல்

பொக்ஸ் அவுட்டுக்குப் புதுசா ஒண்டும் செய்யேல்ல, முதல்ல ஆளை இடி, பிறகு பந்தைப் பார் எண்டதைத்தான் திரும்பச் சொன்னன். ரிங்ல பட்டு அவங்க ரீபவுண்ட் எடுத்தா ஷொட் க்ளொக் (ஷொட் எடுக்க இருக்கிற நேரம்) 14க்குத் திரும்பும், அதாவது திரும்ப 14 செக்கன் டிஃபென்ஸ். ஒரு குவாட்டர்ல டீம் ஃபவுல் நாலு வந்த பிறகு கையை மேல தூக்கியே வைங்க, அஞ்சாவதில இருந்து ரெண்டு ஃப்ரீ த்ரோ.

பிறகு சேர்த்தது

இதைப் படிச்சுட்டு ரெண்டு மூண்டு பேர் ஏன் 2-3 ஸோன் (ஆளை இல்ல, இடத்தை மார்க் பண்றது, முன்னுக்கு ரெண்டு பேர், பின்னுக்கு மூண்டு பேர்) போடேல்ல எண்டு கேட்டிருந்தாங்க. ஸோன் கூடாதெண்டு இல்ல, 2011 ஃபைனல்ஸ்ல டல்லஸே மயாமிக்கு எதிரா பாவிச்சவங்கதான். ஆனா ஸோன்ல உனக்கெண்டு ஒரு ஆள் இல்ல, ரீபவுண்டுக்கு யாரை இடிக்கிறது எண்டு தெரியாம நிப்பாங்க, நாங்க ஏற்கனவே 13 பொயின்ட் அங்கதான் விட்டம். டைம் அவுட் முடிஞ்சு வந்து நாலஞ்சு பொசெஷனுக்கு (அவங்க கையில பந்து வாற தடவை) போட்டுப் பாருங்க, அது நல்லம்.

இன்னொரு முக்கியமான கேள்வி பொண்ணுங்க டீம் ஒண்டுக்கு கோச் பண்ற அக்கா ஒருத்தர் கேட்டது. ட்ரொப் போட்டா எதிர் டீம் கார்ட் ஃப்ரீ த்ரோ லைன்ல நிண்டு லேசா ஷொட் எடுக்கிறாவாம். அப்பிடி எண்டா உங்கட சென்டர் அளவுக்கு மேல கீழ நிக்கிறா. ஸ்க்ரீன் போடுறவரைக் கை நீட்டித் தொடுற தூரம் வரைக்கும் சென்டரை மேல கொண்டு வாங்க, கையை உயர்த்தி வைக்கச் சொல்லுங்க. அதுக்குப் பிறகும் போட்டா ரெண்டு தடவை விட்டுப் பாருங்க, மூண்டாவதும் உள்ள போனாத்தான் ஸ்விட்ச், அதாவது ரெண்டு பேரும் ஆளை மாத்தி மார்க் பண்றது. ஸ்விட்ச் எண்டதையும் ரெண்டு பேரும் ஒரே நேரத்தில கத்தோணும், ஒருத்தர் மட்டும் கத்தினா ரெண்டு பேரும் பந்துக்குத்தான் ஓடுவாங்க.

மழைக்கு சீமெந்துக் கோர்ட் ஈரமா இருந்தா இதை ஓடிப் பழகாதீங்க, வழுக்கும். பக்கத்தில ஏதாவது ஹோல்ல நடந்து நடந்தே செய்ங்க. மேசை ஒண்டை ஒரு பக்கத்தில இழுத்து வைக்க மட்டும் மறக்காதீங்க.