பாஞ்சாலங்குறிச்சிப் போர்க்காட்சி: முதல் தடவை வருகிறவர்களுக்கு

பாஞ்சாலங்குறிச்சியில் நடந்த பழைய போரை நாமே நடித்துக் காட்டுகிற, சனி, ஞாயிறு இரண்டு நாள் போர்க்காட்சி என்றதும் புதிதாக வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: "எனக்கு வாள் கிடைக்குமா?" கிடைக்காது. முதல் தடவை கம்பும், செத்து விழுகிற வேலையும்தான். அலட்சியமாக நினைக்க வேண்டாம். ஒழுங்காக விழத் தெரிந்த பத்துப் பேர் இல்லையென்றால் கதாநாயகன் காற்றில்தான் வாள் சுழற்ற வேண்டும்.

1. எந்தப் போர் என்று கேளுங்கள்

இங்கே இரண்டு போர்கள் நடந்தன. 1799 செப்டம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மேஜர் பானர்மன் படையோடு வந்தது முதலாவது. அதன் முடிவில்தான் அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். இரண்டாவது 1801. பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை, கம்பெனி இடித்துத் தரைமட்டமாக்கிய கோட்டையைச் சில நாட்களிலேயே மண்ணால் எழுப்பி, மே 24 வரை தாக்குப்பிடித்தார்.

புதியவர்களுக்கு நான் சொல்வது 1801தான். மனப்பாடம் பண்ண வசனமே இல்லை, தலைவரே சைகையில் பேசியவர்! எதிர்த்துப் போரிட்ட கம்பெனி அதிகாரி வெல்ஷ் எழுதி வைத்திருக்கிறார்: ஊமைத்துரை இடது உள்ளங்கையில் துரும்புகளை அடுக்கி, இதுதான் வெள்ளைக்காரப் படை என்று காட்டுவாராம். பிறகு வாயால் 'உஸ்'ஸென்று ஒலி எழுப்பி மறு கையால் அத்தனையையும் துடைத்துத் தள்ளுவாராம். அதுதான் தாக்குதலுக்கு உத்தரவு. நீங்களும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருங்கள்.

2. கம்பெனிப் பக்கம் போட்டால் முகம் சுளிக்காதீர்கள்

அந்தப் படையிலும் நிறைய பேர் நம் நாட்டுச் சிப்பாய்கள்தான். எட்டயபுரத்து ஆட்களும் கூடவே நின்றார்கள். ஒரே சங்கடம், ஒட்டப்பிடாரம் வெயிலில் சிவப்புக் கோட்டு. நீர்மோர்ப் பானை எங்கே இருக்கிறதென்று முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கோட்டை வீரர்களுக்குத் தாறுபாய்ச்சிக் கட்டிய பருத்தி வேட்டியும் முண்டாசும் போதும். பளபளக்கிற சாட்டின் துணி வேண்டவே வேண்டாம்.

3. ஆயுதம்

ஈட்டிக்கு நீளமான மூங்கில். நுனியில் பழந்துணியைப் பந்தாகச் சுற்றிக் கட்டுங்கள். வீட்டில் பூசையில் இருக்கிற பழைய வாள் வீட்டிலேயே இருக்கட்டும். துப்பாக்கி மரத்தில் செய்தது, வெடிமருந்து கிடையாது. உறுமியில் ஓங்கி ஓர் அடி விழுந்தால் ஒரு சுற்றுச் சுட்டதாகக் கணக்கு.

4. விழப் பழகுங்கள்

சனிக்கிழமை முழுக்க இதுதான். சண்டை நடப்பது கோட்டைக்கு வெளியே, அறுவடை முடிந்த கரிசல் காட்டில். காலையிலேயே வரிசையாக நடந்து உடைமுள்ளைப் பொறுக்கிவிடுங்கள். நீங்கள் விழப்போகிற இடம் அது. முழங்காலை மடக்கி, பக்கவாட்டில் சரிந்து, தோளில் உருள வேண்டும். எங்கள் சிலம்ப ஆசான் விடாமல் கத்துவது இதைத்தான்: "ஏல, கைய ஊனாத! மணிக்கட்டு போயிரும்ல!"

அப்புறம், உறுமி அடித்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் விழுந்தால் சிரிப்பு வந்துவிடும். முன்வரிசையில் இரண்டு பேர் போதும். அந்தக் காலத்துத் துப்பாக்கியில் தேர்ந்த சிப்பாயே நிமிஷத்துக்கு இரண்டு மூன்று குண்டுதான் சுட முடியும். அவர்கள் மருந்து கெட்டிக்கிற அந்த இடைவெளியில்தான் ஈட்டிக்காரர்கள் பாய வேண்டும். ஒவ்வோர் அடிக்கும் பிறகு மனதுக்குள் இருபது எண்ணுங்கள்.

5. கோட்டையைத் தொடாதீர்கள்

இப்போது நிற்பது 1974இல் கட்டிய நினைவுக் கோட்டை. அதன் மதிலில் ஏறக் கூடாது. பழைய கோட்டையின் அடித்தளம் இருக்கிற பக்கம் கூடாரம் போடுவதோ முளை அடிப்பதோ கூடவே கூடாது.

6. கடைசிக் காட்சி

ஓட முடியாதவர்களுக்கும் ஒரு நல்ல வேஷம் உண்டு. கோட்டை விழுந்த பிறகு, பிணங்களுக்கு நடுவே மகனைத் தேடிவந்த ஒரு தாய், காயம்பட்டுக் கிடந்த ஊமைத்துரையைத் தூக்கிப் போகிறாள். தேடிவந்த எட்டயபுரத்து ஆட்களிடம், "என் மகன், அம்மை போட்டிருக்கு" என்று சொல்லித் தப்பவைக்கிறாள். வயதான அம்மாக்கள் இதைச் செய்தால் கூட்டம் அசையாது. அது முடிகிறவரை செத்துக் கிடக்கிறவர்கள் எழுந்து மோர் கேட்கக் கூடாது.